வடமேற்குன்னா, எங்கிருந்து வடமேற்கு?

போன மாசம் ஃப்ராங்க்ளின் பயணத்தைப் பற்றிய எபிசோடில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தேன்: "ஆளே இல்லாத பனிப் பாலைவனத்தில் 129 பேர் காணாமல் போனாங்க." எபிசோடு வெளியான பிறகு திரும்பக் கேட்டப்போ எனக்கே உறுத்தியது. அந்த 129 பேரை நேரில் பார்த்தவங்க அங்கே இருந்தாங்க. அப்புறம் எப்படி அது ஆளில்லாத இடம்? இந்தத் தப்பு என் வாயில் எப்படி வந்ததுன்னு தேடப் போனா, அந்த இடத்தோட பெயரில் போய் நின்னேன். அதனால இன்னைக்கு எபிசோடு ஒரு திருத்தம்.

பெயர், நார்த்வெஸ்ட் பாசேஜ். தமிழில் வடமேற்குப் பாதை. அட்லாண்டிக்கில் இருந்து கனடாவுக்கு வடக்கே இருக்கிற தீவுக் கூட்டத்துக்குள் புகுந்து, பசிபிக்குக்குப் போகும் கடல்வழி. ஒரே வழின்னும் சொல்ல முடியாது. 36,000-க்கும் அதிகமான தீவுகளுக்கு நடுவே பல வழிகள். எது திறக்கும்னு அந்த வருஷத்துப் பனி முடிவு பண்ணும்.

முதல் சொல்லை எடுத்துக்குவோம். வடமேற்கு. கோடு எழுதுறவங்களுக்கு ரிலேட்டிவ் பாத் தெரியும். நீங்க எந்த ஃபோல்டரில் நிற்கறீங்கன்னு தெரியாம அதுக்கு அர்த்தமே கிடையாது. இந்தப் பெயரும் அதே மாதிரிதான். நிற்கிற ஃபோல்டர், மேற்கு ஐரோப்பா.

சீனாவுக்கும் மசாலாத் தீவுகளுக்கும் போகும் தெற்குக் கடல்வழிகள் போர்ச்சுகல், ஸ்பெயின் கையில் இருந்தன. அதனால் இங்கிலாந்து வேறு வழி தேடியது. 1576-ல் மார்ட்டின் ஃப்ரோபிஷர் கிளம்பினார். அப்போ இந்தப் பெயர் எந்த இடத்தையும் குறிக்கவில்லை. ஒரு ஆசையைக் குறித்தது. 1745-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் இதைக் கண்டுபிடிக்க 20,000 பவுண்டு பரிசு அறிவித்தபோதும், இருக்கா இல்லையான்னே தெரியாத ஒன்றுக்குத்தான் விலை வைத்தது.

வேடிக்கை என்னன்னா, 1778-ல் கேப்டன் ஜேம்ஸ் குக் அதே வழியை பசிபிக் பக்கத்தில் இருந்து தேடினார். அவர் வழி கண்டுபிடித்து அட்லாண்டிக்குக்குப் போயிருந்தா, கிழக்கு நோக்கித்தான் போயிருக்கணும். ஆனா பெயர் வடமேற்குதான். நாம சென்னையில் உட்கார்ந்துகிட்டு, நமக்கு மேற்கே இருக்கிற துபாயை 'மிடில் ஈஸ்ட்'னு சொல்றோம் இல்லையா, அதே கதை. பெயர் வெச்சவர் நின்ற இடம் பெயருக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இரண்டாவது சொல், பாசேஜ். இதுதான் எனக்கு முக்கியமாப் பட்டது. வீட்டு நடை மாதிரி. கடந்து போறதுக்கான இடம். நடையில் யாரும் குடியிருக்கறதில்லை. ஒரு இடத்துக்கு 'நடை'ன்னு பெயர் வெச்சா, அங்கே குடியிருக்கறவங்க கண்ணுக்குத் தெரியாமப் போயிடுவாங்க.

1845-ல் ஃப்ராங்க்ளின் 'எரெபஸ்', 'டெரர்' என்ற இரண்டு கப்பல்களோடு போனார். யாரும் திரும்பவில்லை. 1854-ல் ஜான் ரே, இனுயிட் மக்களிடம் கேட்டறிந்த செய்தியைக் கொண்டுவந்தார்: அவங்க பட்டினியில் செத்தாங்க, கடைசியில் மனித மாமிசம் தின்னாங்க. லண்டன் கொதித்தது. இனுயிட்களின் வார்த்தையை நம்ப முடியாதுன்னு சார்லஸ் டிக்கன்ஸ் தன் பத்திரிகையிலேயே எழுதினார். பிற்காலத்தில் கிடைத்த எலும்புகளில் கத்தி வெட்டுத் தடங்கள் இருந்தன. 2014-ல் எரெபஸ் கிடைத்தது. கப்பல் மூழ்கியதாக இனுயிட்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பகுதியில். 2016-ல் டெரர் கிடைத்ததும் ஒரு இனுயிட் மனிதர் கொடுத்த தகவலால்தான்.

அதே 1854-ல் ராபர்ட் மெக்ளூர் ஊர் திரும்பினார். பசிபிக் பக்கத்தில் இருந்து போனவர். கப்பல் பனியில் சிக்கிக்கொள்ள, அதை விட்டுவிட்டு பனிமேல் நடந்து இன்னொரு கப்பலை அடைந்தார். பாசேஜைக் கண்டுபிடித்ததற்காக அவருக்கும் அவர் குழுவுக்கும் 10,000 பவுண்டு. கப்பலிலேயே முழுசாகக் கடந்தது ரோல்ட் அமுண்ட்சென், 1903-06-ல். இடையில் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஒரு துறைமுகத்தில் தங்கி, தோல் உடை, நாய்ச் சறுக்குவண்டி எல்லாம் நெட்சிலிக் இனுயிட்களிடம் கற்றுக்கொண்டார். அந்த ஊருக்கு இன்று வரைபடத்தில் அவர் கப்பலின் பெயர்: யோவா ஹேவன். ஊர்க்காரங்க சொல்ற பெயர் உக்சுக்தூக், கொழுப்பு நிறையக் கிடைக்கும் இடம்.

"பழைய கதைதானே, பெயரில் என்ன இருக்கு?"ன்னு நீங்க கேட்கலாம். சட்டம் இருக்கு. சர்வதேசப் போக்குவரத்துக்குப் பயன்படும் நீரிணை என்றால், கரையோர நாட்டிடம் அனுமதி கேட்காமலே எல்லா நாட்டுக் கப்பல்களும் கடக்கலாம். இது அப்படிப்பட்ட நீரிணைதான் என்கிறது அமெரிக்கா. எங்கள் உள்நாட்டு நீர் என்கிறது கனடா. 1985-ல் அமெரிக்காவின் 'போலார் சீ' கப்பல் அனுமதி கேட்காமல் போனது பெரிய சண்டையானது. 2009-ல் கனடா நாடாளுமன்றத்தின் கீழவை, இதை 'கனேடிய வடமேற்குப் பாதை' என்று அழைக்கத் தீர்மானமே போட்டது.

அந்தச் சண்டையில் கனடா வைக்கும் முக்கியமான வாதங்களில் ஒன்று எது தெரியுமா? இனுயிட்கள் காலங்காலமாக அந்த நீரிலும் பனியிலும் வாழ்கிறார்கள் என்பது. 1993-ன் நுனாவுட் ஒப்பந்தத்திலேயே இது எழுதப்பட்டிருக்கு. 1854-ல் நம்பத்தகாதவர்கள், இப்போ சாட்சிகள். அவங்களுக்குக் குளிர்காலக் கடல் என்பது வண்டி ஓடும், வேட்டை நடக்கும் தரை. அதையே ஒரு கப்பல் கம்பெனி, 'என்றைக்கு உருகும்?' என்று பார்க்கிறது.

கடைசியா ஒரு ஜோடிப் பெயர். இந்த வழியின் கிழக்கு வாசல் லங்காஸ்டர் சவுண்ட். 1616-ல் வில்லியம் பாஃபின் வைத்த பெயர். 1601-ல் ஈஸ்ட் இந்தியா கம்பெனியின் முதல் பயணத்துக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் லங்காஸ்டரின் நினைவாக. இனுயிட் மொழியில் அது தல்லுருதியுப் இமங்கா. பக்கத்துத் தீவின் பாறைக் கோடுகள், பச்சை குத்திய பெண்ணின் மோவாய் போலத் தெரியும். அந்தத் தீவைச் சூழ்ந்த நீர் என்று பொருள். தினமும் அந்தக் கரையைப் பார்த்தவர்கள்தான் இப்படிப் பெயர் வைக்க முடியும். 2019-ல் அந்தக் கடல் பாதுகாக்கப்பட்ட பகுதியானபோது, அதிகாரப்பூர்வமாக வைத்ததும் இந்தப் பெயரைத்தான்.

வடமேற்குப் பாதைன்னு நானும் தொடர்ந்து சொல்வேன், எல்லாருக்கும் புரியற பெயர் அதுதான். ஆனா போன எபிசோடில் அந்த வாக்கியத்தை மட்டும் வெட்டிட்டு, திருத்திப் பேசிச் சேர்த்திருக்கேன். இப்போ கேட்டா இப்படி இருக்கும்: "இனுயிட்கள் வாழும் கடலில் 129 பேர் காணாமல் போனாங்க."

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.