மெஸ் பில்லும் வெளிநாட்டுக் கையும்

ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு மெஸ் பில் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மாசக் கடைசியில் நோட்டீஸ் போர்டைப் பார்த்து முணுமுணுக்காத மாணவன் எந்தக் கல்லூரியிலும் இருந்திருக்க மாட்டான். அப்படி ஒரு மெஸ் பில்லில் ஆரம்பித்த சண்டை ஒரு மாநில முதலமைச்சரையே வீட்டுக்கு அனுப்பியது. இது நம்மில் பல பேருக்குத் தெரியாது.

1973 டிசம்பர். அகமதாபாத் எல்.டி. பொறியியல் கல்லூரியில் விடுதிச் சாப்பாட்டுக் கட்டணத்தை 20 சதவீதம் ஏற்றினார்கள். பசங்க ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். தானியமும் எண்ணெயும் விலை ஏறிக்கிடந்த நேரம். ஊரே கூடச் சேர்ந்துகொண்டது. 'நவநிர்மாண்' இயக்கம் என்று அதற்குப் பெயர். 1974 பிப்ரவரியில் முதல்வர் சிமன்பாய் படேல் ராஜினாமா செய்தார். அடுத்த மாதமே பீகார் மாணவர்கள் கிளம்பினார்கள். ஜெயப்பிரகாஷ் நாராயண் தலைமை ஏற்றார்.

விலைவாசி, வேலையின்மை, லஞ்சம் - இவைதான் காரணம் என்று தெருவில் போகிறவனுக்கும் தெரியும். டில்லிக்கு மட்டும் வேறு காரணம் தெரிந்தது: 'வெளிநாட்டுக் கை'. பிரதமர் இந்திரா காந்திக்கு அந்தப் பயம் வந்ததை முழுக்கக் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. 1973-ல் சிலி நாட்டில் அயெந்தே அரசு கவிழ்க்கப்பட்டதும், அதற்கு முன் அந்த அரசை ஆட்டிவைக்க அமெரிக்க உளவுத்துறை பணம் கொட்டியதும் உண்மை. ஆனால் சிலியில் நடந்தது பீகாருக்குச் சாட்சி ஆகுமா?

1975 ஜூன் 12-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திராவின் தேர்தல் செல்லாது என்றது. ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 1971 போரின்போது வெளிப்பகைக்காகப் பிரகடனம் செய்த நெருக்கடி நிலை அப்போதும் அமலில்தான் இருந்தது! மேடையில் வெளிநாட்டுச் சதி என்று பேசியவர்கள், கையெழுத்துப் போட்ட தாளில் 'உள்நாட்டுக் குழப்பம்' என்றே எழுதினார்கள்.

அன்றிரவே டில்லியில் பத்திரிகை அச்சகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. உத்தரவு மேலிருந்து வந்திருக்கலாம். சுவிட்சை இறக்கியது மின்சார இலாகாவில் இருந்த யாரோ ஒருவர் கை. அது வெளிநாட்டுக் கை அல்ல.

பிறகு தணிக்கை. ஜூன் 28-ல் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டது. 1976-ல் நான்கு செய்தி நிறுவனங்களையும் 'சமாச்சார்' என்று ஒன்றாக்கினார்கள். 1976-77-ல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. பல ஊர்களில் கட்டாயப்படுத்தி. அதை எதிர்த்து முசாபர்நகரில் திரண்டவர்கள் மீது 1976 அக்டோபரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பேப்பரில் வரவில்லை.

பாய்லரில் பிரஷர் கேஜைத் துணி போட்டு மூடினால் பிரஷர் குறைந்துவிடுமா? மூடியவனுக்கும் சேர்த்துத்தான் தெரியாமல் போகும். 1977 மார்ச் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் பீகாரின் 54 தொகுதிகளிலும் காங்கிரஸ் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை. ரேபரேலியில் பிரதமரே தோற்றார். தெற்கில் அவர் அணி நன்றாகவே ஜெயித்தது; அடி விழுந்தது கட்டாயக் கருத்தடை கடுமையாக நடந்த வடக்கில். பின்னர் விசாரித்த ஷா கமிஷன், நெருக்கடி நிலைக்கு முன் சட்டம் ஒழுங்கு கெட்டுப்போனதற்கு ஆதாரம் இல்லை என்றது. 1978-ல் 44-வது திருத்தம் 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டு 'ஆயுதக் கிளர்ச்சி' என்று மாற்றியது.

1976 ஜனவரி 31-ல் நம் மாநில ஆட்சி கலைக்கப்பட்ட நாள் மூத்த அண்ணன்மார் சிலருக்கு நினைவிருக்கும். இந்த மாதிரிக் கூடுகைகளில் சினிமா, கிரிக்கெட்டோடு அதையும் கொஞ்சம் பேசுங்கள். எங்களுக்குப் படித்துத்தான் தெரியும், நீங்கள் பார்த்தவர்கள்.

இப்போது ஹாஸ்டலில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நீங்களும் ஏதாவது ஒரு சுவிட்ச் பக்கத்தில் உட்காரப் போகிறவர்கள். எந்த நாடானாலும் சரி, எந்தக் கட்சியானாலும் சரி, "இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் தூண்டிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு அதை இறக்கச் சொன்னால், முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த ஊரில் மெஸ் பில் எவ்வளவு ஏறியிருக்கிறது?