எல்லைக்கல்லின் விலை

திட்டக்குடியிலிருந்து விருத்தாசலம் செல்வோர் அங்குள்ள பீங்கான் தொழிலை அறிவர். சிறு பொம்மைகளும், மின் இணைப்புக்கான ஃபியூஸ் கட்டைகளும் அங்கே சூளையில் வெந்து உருப்பெறுகின்றன. அத்தொழிலுக்கு ஏற்ற வெண்களிமண், அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கிறது. கரியை அடைய அகற்றப்படும் மண் நம் வட்டாரத்தில் பலருக்குப் பிழைப்பாகிறது. ஆயினும் கையில் ஏந்தும் பொம்மை எவர் நிலத்து மண் என்று நாம் கேட்பதில்லை.

மண்ணுக்கடியில் கிடக்கும் பொருளை 'எனது' என்று சொல்ல என்ன விலை? சொன்னபின் அதைக் காத்துக்கொள்ள என்ன விலை? அந்த விலையைக் கொடுப்பவர் யார்? வரலாற்றைப் புரட்டினால், இம்மூன்று வினாக்களும் எங்கும் ஒன்றாகவே எழுந்திருப்பதைக் காண்கிறோம்.

1849ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பொன் தேடிக் கூடியவர்கள், தத்தம் பங்கின் மூலைகளில் முளையடித்து எல்லை வகுத்தனர். முளை அடித்ததால் மட்டும் உரிமை நிலைத்துவிடவில்லை. தொடர்ந்து தோண்டியவனுக்கே இடம் சொந்தம். பின்னர் 1872இல் வந்த அமெரிக்கச் சட்டம், உரிமை ஒவ்வொன்றிலும் ஆண்டுதோறும் 100 டாலர் மதிப்புள்ள வேலை நடைபெற வேண்டும் என்று விதித்தது. பொன் கிடைத்ததா என்று சட்டம் கேட்கவில்லை. உழைப்பைச் செலுத்தினாயா என்றே கேட்டது.

நம் நாட்டில் இதற்குச் சான்று கோலார். பெங்களூரில் குடியேறியிருந்த லாவெல் என்ற அயர்லாந்துக்காரர், 1873இல் மைசூர் அரசிடம் விண்ணப்பித்து, 1875இல் சுரங்க உரிமை பெற்றார். உரிமைச் சீட்டு கைக்கு வந்தது. ஆழத் தோண்டுவதற்கான பணம் வரவில்லை. சில ஆண்டுகளுக்குள் உரிமை பிறர் கைக்குச் சென்றது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்ற பின்னரே பெரும்பொன் வெளிப்பட்டது. முதலில் இடத்தைக் குறித்தவர் அதன் பயனைக் காணவில்லை. ஆனால் உரிமையைக் காத்ததன் முழு விலையையும் முதலாளிகளே கொடுத்தனர் எனலாகாது. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற நம் தமிழ்த் தொழிலாளர், 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பாறை வெடிப்புக்கும் நுரையீரலை அரிக்கும் கல்தூசுக்கும் இடையே அதைச் செலுத்தினர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது அவர்கள் பெயரில் எந்த உரிமைச் சீட்டும் இருக்கவில்லை.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பது பழமொழி. நெய்வேலியில் அது ஏறத்தாழ அப்படியே நடந்தது. 1930களின் நடுவில், நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளை இட்டபோது, நீரோடு கறுப்புப் பொருளும் பொங்கி வந்தது. அவர் அதை மறைக்கவில்லை, அரசுக்கு அறிவித்தார். பின்னர் 600 ஏக்கருக்கு மேற்பட்ட தம் நிலத்தையும் அவர் வழங்கியதாக மக்கள் இன்றும் நன்றியோடு கூறுகின்றனர்.

கண்டவுடன் கரி வந்துவிட்டதா? இல்லை. 1940களில் புவியியல் துறையினர் துளையிட்டு ஆராய்ந்தனர். 1953இல் சோதனைக்கென ஒரு குழி வெட்டப்பட்டது. 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். கரி கண்ணில் பட்டதோ 1961 ஆகஸ்டில்தான். இடையில் கால் நூற்றாண்டு கழிந்தது.

இத்தாமதத்திற்குக் காரணங்கள் இரண்டு. கரிக்கு மேல் சுமார் 50 முதல் 100 மீட்டர் வரை மண் கிடந்தது; ஒரு டன் கரிக்கு ஐந்து கனமீட்டருக்கு மேல் மண்ணை அகற்ற வேண்டும். கரிக்குக் கீழோ, பெரும் அழுத்தத்துடன் மேல்நோக்கி முட்டும் ஊற்றுநீர். அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இராவிடில் சுரங்கத்தின் அடித்தளமே பிளந்துவிடும். தனி மனிதர் எவரும் தாங்க இயலாத இச்செலவை அரசு ஏற்றது. அதனால் தென்னகம் ஒளி பெற்றது; ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலை பெற்றன. இதை நன்றியோடு நினைவுகூர்வது நம் கடமை.

ஆனால் கணக்கேட்டில் மற்றொரு பக்கமும் உண்டு. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி, குத்தகை பெற்றவர் எடுக்கும் கனிமத்துக்கு அரசுக்கு உரிமைத்தொகை செலுத்த வேண்டும். எடுக்காவிடினும் குறைந்தபட்சக் குத்தகைத்தொகை உண்டு. இரண்டாண்டுகள் வேலை நடவாவிடில் குத்தகையே இழக்க நேரும். நிலத்துக்கு உரியவரின் நிலை என்ன? முறையான சட்டவழியில் எடுத்துக்கொள்ளப்பட்டாலன்றி, நிலத்தின் அடியிலுள்ளதும் நிலத்துக்கு உரியவருக்கே சொந்தம் என்று, மலபார் நில உரிமையாளரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் கூறியது. ஆயினும் பொதுநலன் கருதி நிலம் கையகப்படுத்தப்படும்போது, உழவர் இழப்பீட்டைப் பெற்றுக்கொண்டு விலகவே வேண்டியுள்ளது. நெய்வேலியைச் சூழ்ந்த பல சிற்றூர்கள் இவ்வாறு இடம்பெயர்ந்தன. பட்டா உடையவருக்கேனும் இழப்பீடு உண்டு. அந்நிலத்தில் நாற்று நட்டும் களை எடுத்தும் வாழ்ந்த கூலித் தொழிலாளிக்கு எந்தக் கல்லைக் காட்டி உரிமை கேட்க இயலும்?

2023 ஜூலையில் வளையமாதேவியில் நடந்தது நம்மில் பலர் மனத்தில் பதிந்த காட்சி. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, பச்சைப் பயிர் நின்ற வயல்களில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டு விட்டது. கால்வாய் அமையாவிடில் மழைக்காலத்தில் சுரங்கத்தில் வெள்ளம் புகும் என்றது நிறுவனம். கையகப்படுத்திய பின்னும் நிலம் வெறுமையாகக் கிடந்ததால் உழவர் வழக்கம்போல் விதைத்திருந்தனர். நிலம் நிறுவனத்துக்கு உரியது. பயிரோ உழவருக்கு உரியது. சென்னை உயர் நீதிமன்றம், பயிரிழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கப் பணித்தது. சட்டத்தின் கணக்கு அங்கே தீர்ந்திருக்கலாம். கதிர் முற்றும் வரை காத்திருக்கலாகாதா என்ற உழவரின் கேள்வி தீரவில்லை.

அதே ஆண்டில், சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய பகுதிகள் நிலக்கரி ஏலப் பட்டியலில் இடம்பெற்றன. ஒரு கல்லும் நடப்படவில்லை. ஒரு குழியும் தோண்டப்படவில்லை. காவிரிப் படுகை உழவரின் எதிர்ப்பும், மாநில அரசின் எதிர்ப்பும் வலுக்கவே, ஏப்ரலில் அப்பகுதிகள் நீக்கப்பட்டன. தாளில் வரைந்த கோடு மட்டுமே ஊர் ஊராக உறக்கத்தைக் கெடுக்கப் போதுமானது என்பதை அப்போது உணர்ந்தோம்.

சுரங்க உரிமை என்பது ஒருநாள் வாங்கி முடிவதன்று. நாள்தோறும் விலைகொடுத்துக் காக்கவேண்டியது. அவ்விலையில் ஒரு பகுதி அரசுக் கருவூலத்துக்குச் செல்கிறது. அதற்கு ரசீது உண்டு. மற்றொரு பகுதியைக் கிணற்றையும் வயலையும் இழந்தவர்கள் செலுத்துகின்றனர்; அதற்கு ரசீது இல்லை. மின்விளக்கின் கீழ் அமர்ந்து இதை வாசிக்கும் நாமும் அப்பொருளைப் பெற்றுக்கொண்டவர்களே. எழுதப்படாத அச்செலவை நினைவில் வைத்திருப்பதும், இழந்தவர் வந்து கேட்கும்போது அவர் பக்கம் நிற்பதும், நாம் செலுத்தவேண்டிய பங்கு.