சயாம் எல்லைக் கணவாயும் கிள்ளான் தோட்டத்து மக்களும்

தாய்லாந்தின் காஞ்சனபுரி மாநிலத்தையும் தெற்கு மியன்மாரையும் பிரிக்கும் மலைத்தொடரில், மூன்று சிறு தூபிகளை அடையாளமாகக் கொண்ட கணவாய் ஒன்று உள்ளது. தாய்லாந்து மக்கள் அதைச் சேதி சாம் ஓங் என்றும், பர்மியர் தம் பக்கத்துச் சிற்றூரைப் பயதோன்சு என்றும் அழைக்கின்றனர். பர்மியப் படைகளும் அயுத்தியாவின் படைகளும் மாறிமாறிக் கடந்த இவ்வழியில், 1868ஆம் ஆண்டின் பிரிட்டிஷ்–சயாம் உடன்படிக்கை நீர்பிரிமேட்டை, அதாவது ஆறுகள் இருபுறமாகப் பிரிந்தோடும் மலைமுகட்டை, எல்லையாகக் கொண்டது. ஆயினும் தூபிகள் நிற்கும் நிலம் யாருக்குரியது என்பதில் இரு நாடுகளும் ஒத்த கருத்துக்கு வரவில்லை. பர்மிய விடுதலைக்குப் பின் மோன், கரென் ஆயுதக் குழுக்கள் இங்குச் சுங்கம் வசூலித்து, 1988இல் அதற்காகத் தமக்குள்ளேயே மோதிக்கொண்டன. 1990இல் பர்மிய இராணுவம் ஊரைக் கைப்பற்றியது.

மலேசியத் தமிழருக்கோ இவ்வெல்லை 1943ஆம் ஆண்டின் எல்லையாகும். பான் போங் அருகிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் அமைத்த இருப்புப்பாதை இக்கணவாய் வழியாகவே சென்றது; மலேசியத் தமிழர் அதைச் ‘சயாம் மரண ரயில்’ என்பர். பாதை போடுவதற்கு மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட 75 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பான்மையினர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள்.

அவர்கள் கொண்டுசெல்லப்படுவதற்குச் சற்று முன், 1941இல்தான் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்ற இயக்கம் கூலி உயர்வு கோரிப் பெரும் வேலைநிறுத்தம் நடத்தியது. பிரிட்டிஷ் அரசு அவரைக் கைதுசெய்து நாடுகடத்தியதோடு, துப்பாக்கிச் சூட்டின் வழியாக வேலைநிறுத்தத்தை ஒடுக்கியது. அடுத்த ஆண்டே ஜப்பானிய ஆட்சியில் ரப்பருக்கு மேலைச் சந்தை அற்றுப்போக, லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வேலையும் அரிசியும் குறைந்தன. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்ற வாக்குறுதியை நம்பிச் சிலர் முன்வந்தனர். ஆள் போதாதபோது ஜப்பானியர் தோட்ட நிர்வாகங்களிடம் எண்ணிக்கை விதித்தும், இலவசப் படக்காட்சிக்குக் கூடியவர்களை வளைத்தும் பிடித்தனர். மனைவி மக்களோடு சென்ற குடும்பங்களும் உண்டு. சரக்கு வண்டிகளில் அடைக்கப்பட்டுப் பான் போங்கில் இறக்கப்பட்டவர்களுள் பலர், அங்கிருந்து காட்டுப் பாதையில் நாள்கணக்கில் நடந்தே கணவாய்ப் பக்கத்து மேல்முகாம்களை அடைந்தனர்.

கணவாய்க்குத் தெற்கே, பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபரில் இணைந்த கொன்கொய்டாவில், அவ்வாண்டு மே மாதமே காலரா பரவியிருந்தது. பாதைப் பணியில் அமர்த்தப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளிடம் மருத்துவர்களும், பெயர்ப் பட்டியல் வைத்த அதிகாரிகளும் இருந்தனர். தமிழர் முகாம்களில் இரண்டுமே பெரும்பாலும் இல்லை. மழையில் ஒழுகிய மூங்கில் குடிசைகளில் நோயுற்றோரும் நலமாயிருந்தோரும் ஒரே மூங்கில் பரணில் படுத்தனர். குடிநீருக்கும் கழிவுக்கும் அதே ஓடைதான். போர்க்கைதிகளுள் ஏறத்தாழ 12 ஆயிரம் பேர் இறந்தனர். பல நாடுகளிலிருந்து வந்த ஆசியத் தொழிலாளரின் சாவு 90 ஆயிரத்தை எட்டியிருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. முன்னதற்குக் கணக்கும் பின்னதற்கு மதிப்பீடும் இருப்பதற்குக் காரணம், இறந்த தொழிலாளரின் பெயரை எழுதிவைக்கும் கடமை தமக்குண்டு என எந்த அரசும் கருதாததே.

போர் முடிந்ததும் கைதிகளின் உடல்கள் தேடி எடுக்கப்பட்டுக் காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசயாட் ஆகிய மூன்று இடுகாடுகளில் கல்லறைகளோடு அடக்கம் செய்யப்பட்டன. எல்லையை ஒட்டிய தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. தமிழரின் புதைகுழிகளைத் தேடியவர் எவருமில்லை. 1990இல் காஞ்சனபுரியில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டதே, அவர்கள் அங்குக் கிடந்ததை உலகுக்குக் காட்டியது.

மலேசியாவில் இவ்வரலாற்றை முதலில் காத்தவை ஆவணக் காப்பகங்கள் அல்ல, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்களே. 2023இல் காஞ்சனபுரிக் கோயில் வளாகம் ஒன்றில் தமிழர்க்கு நடுகல் எழுப்பப்பட்டது. அது மிகத் தாமதமாக வந்த நற்செயல். ஆனால் அந்நகரம் கணவாயிலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது; மேல்முகாம்கள் இருந்த பகுதியில் ஒரு பங்கை 1980களில் கட்டப்பட்ட அணையின் நீர் மூடிவிட்டது; எஞ்சியதை ஆராய எல்லையின் இருபுறத்து அரசுகளின் இசைவும் தேவை.