புகை சர்டிபிகேட்: அபராதம் ஏறுச்சு, சோதனை மாறல

மணலியில லாரி ஓனர்கள்கிட்ட புகை சர்டிபிகேட் பத்திக் கேட்டா, முதல்ல வர்றது சலிப்புதான். ஏன்னு பார்ப்போம்.

1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 115-வது விதி. டீசல் வண்டியை நியூட்ரல்ல நிறுத்தி, ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சு, புகை எவ்வளவு கறுப்புன்னு பார்க்கணும். பழைய வண்டிக்கு வரம்பு 65 ஹார்ட்ரிஜ் யூனிட். அப்போ முதல் தடவை மாட்டினா அபராதம் 1,000 ரூபாய். சர்டிபிகேட் இல்லாம இன்சூரன்ஸ் புதுப்பிக்கக் கூடாதுன்னு 2017-ல உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. 2019 சட்டத் திருத்தம் அபராதத்தை 10,000 வரைக்கும் ஏத்திச்சு. சோதனை முறை மட்டும் அப்படியே இருக்கு: இன்ஜினுக்கு லோடு கிடையாது, நைட்ரஜன் ஆக்சைடு அளக்கறதும் கிடையாது.

ஆனா எண்ணூர் ரோட்டுல லாரி கன்டெய்னர் ஏத்திக்கிட்டு, துறைமுக வரிசையில ஊர்ந்துதானே போகுது? அந்தப் புகையை மெஷின் பார்க்கறதே இல்ல. 2009-லயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மிக மோசமா மாசுபட்ட இடங்கள்ல ஒண்ணா மணலியைச் சேர்த்துச்சு. இன்னைக்கும் ஓனர் கையில காகிதம் இருக்கு; ஊர்க்காரங்க மூச்சுல புகை இருக்கு.