வாரிசைத் தேடி வரும் கடிதம்: காரைக்காலும் ஒரு தபால் மோசடியின் வரலாறும்

அறிமுகமே இல்லாத ஒரு வெளிநாட்டு வழக்கறிஞர் தபாலில் எழுதுகிறார்: உங்கள் குடும்பப் பெயர் கொண்ட ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார், வங்கியில் கிடக்கும் பெருந்தொகைக்கு உங்களை வாரிசாகக் காட்டலாம். வேறு ஊராக இருந்தால் கிழித்துப் போடுங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். காரைக்காலில் அந்த அறிவுரை போதாது. கடல்தாண்டி இறந்தவரின் சொத்துக்கு உண்மையாகவே வாரிசு தேடப்பட வாய்ப்புள்ள ஊர் இது. எதிர்பாராமல் வந்த கடிதம் என்பதை மட்டும் வைத்து இங்கே முடிவுக்கு வர இயலாது. எந்த நடைமுறைப்படி வந்தது என்பதைப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், இடையிடையே ஆங்கிலேயரிடம் போய்த் திரும்பி, 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் ரீயூனியனுக்குப் போயின. 1850-களிலிருந்து மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் போயின. 1861-இல் பிரிட்டனும் பிரான்சும் செய்த ஒப்பந்தம் இந்த ஆள் அனுப்பலுக்குச் சட்ட வடிவம் தந்தது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. இந்த மூன்று தீவுகளிலும் வாரிசு தெரியாத சொத்துகளை நிர்வகிக்க 1855 ஜனவரி 27-ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இறந்தவரின் பொருளைக் கணக்கெடுத்துப் பாதுகாப்பது அதன்படி அமைந்த காப்பாளரின் வேலை. அவருக்குரிய கட்டணம் அந்தச் சொத்திலிருந்தே கழிக்கப்பட்டது. உரிமை கோரி யாரும் வராவிட்டால் எஞ்சியது அரசைச் சேரும்.

பிறகு இந்தோசீனாவின் சைகோனுக்குப் போகும் காலம் வந்தது. அலுவலகக் குமாஸ்தாக்களும், ஊரார் 'சொல்தா' என்று அழைத்த படைவீரர்களும், மரைக்காயர் குடும்பத்துச் சபுராளிகளும் (கடல்கடந்து பிழைக்கப் போனவர்கள்) அங்கே சம்பாதித்தார்கள். 1962 ஆகஸ்ட் 16-இல் இந்தியாவுடனான இணைப்பு சட்டப்படி நிறைவேறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களுக்குப் பென்ஷன் தாள்கள் தபாலில் வந்தன. பிரெஞ்சு முத்திரையிட்ட உறையைக் கண்டால் மரியாதையோடு பிரிக்கும் பழக்கம் இப்படித்தான் இங்கே வேரூன்றியது. அந்த மரியாதையைத்தான் மோசடிக்காரன் பயன்படுத்திக்கொள்கிறான்.

அவனுடைய வரலாற்றிலும் பிரான்சுக்கு இடமுண்டு. குற்றவாளியாக இருந்து காவல்துறையில் சேர்ந்த விதோக், 1830-களில் எழுதிய 'திருடர்கள்' என்ற நூலில் 'ஜெருசலேம் கடிதங்கள்' என்றொரு வகையை விவரிக்கிறார். புரட்சிக் காலத்தில் எஜமானோடு தப்பியோடிய வேலைக்காரன் தான் என்று ஒரு கைதி சிறையிலிருந்து ஊர்ப் பணக்காரருக்கு எழுதுவான். நகைப்பெட்டியை வழியில் நீரில் போட்டோம், அந்த இடம் எனக்கு மட்டுமே தெரியும், செலவுக்குக் கொஞ்சம் பணம் அனுப்பினால் பங்கு தருவேன் என்பான். நூறு கடிதம் போனால் இருபதுக்குப் பதில் வந்ததாக விதோக் கணக்குச் சொல்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதே கதை 'ஸ்பானிய கைதி' என்ற பெயரில் அட்லாண்டிக்கைக் கடந்தது. 1980-களில் நைஜீரியாவிலிருந்து, போலி அஞ்சல்தலை ஒட்டிக்கூட, ஆயிரக்கணக்கில் கிளம்பியது. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 419-ஆம் பிரிவு அதற்கு உலகப் பெயராகிவிட்டது. மின்னஞ்சல் வந்த பிறகும் தபால் கடிதம் சாகவில்லை. தாளில், பெயர் முகவரியோடு, வீட்டு வாசலில் வந்து சேர்வதை மக்கள் இன்னும் நம்புகிறார்கள்.

இன்றைய கடிதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தலைப்பில் ஒரு நாட்டின் சட்ட அலுவலகம், உறையில் வேறொரு நாட்டின் அஞ்சல் முத்திரை. தொடர்புக்கு இலவச மின்னஞ்சல் முகவரி. தொகையில் 10 விழுக்காடு தர்மத்துக்கு, மீதி நம் இருவருக்கும் சரிபாதி என்று ஒரு பங்கீடு. யாரிடமும் சொல்ல வேண்டாம், சில நாட்களுக்குள் பதில் வேண்டும் என்ற நெருக்கடி. கட்டணம் என்ற சொல் முதல் கடிதத்தில் வராது. பதில் போட்ட பிறகு வரி, முத்திரைக் கட்டணம், பரிமாற்றச் செலவு என்று ஒவ்வொன்றாக வரும்.

இவை எல்லாவற்றையும்விட உறுதியான அடையாளம் பெயரில் இருக்கிறது. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி தம் மரபுவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள், தலைமுறைதோறும் தொடரும் ஒரு குடும்பப் பெயரைச் சூடிக்கொண்டார்கள். காரைக்காலின் மற்றக் குடும்பங்களுக்கு அது கிடையாது. தகப்பன் பெயர் தலைப்பெழுத்தாக முன்னே நிற்கும், அடுத்த தலைமுறையில் மாறிவிடும். ரீயூனியனிலோ கூலியாகப் போனவரின் சொந்தப் பெயரே பதிவேட்டில் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. அங்கே ராமசாமி ஒரு வம்சத்தின் பெயர், இங்கே ஒருவருடைய அப்பாவின் பெயர். ஆகவே பரம்பரைக் குடும்பப் பெயர் இல்லாத வீட்டுக்கு வரும் 'உங்கள் குடும்பப் பெயர் கொண்டவர் இறந்தார்' என்ற வரி, முகவரிப் பட்டியல் ஒன்றில் கடைசியாக நின்ற சொல்லை எடுத்து எழுதியது மட்டுமே. உறவு தெரிந்து எழுதுபவர் இறந்தவரின் தாய் தந்தையர் பெயரையும் பிறந்த ஊரையும் முதலில் சொல்வார்.

உண்மையான பிரெஞ்சு வாரிசுரிமை பெரும்பாலும் நொத்தேர் (ஆவணங்களை எழுதிச் சான்றளிக்கும் சட்ட அதிகாரி) வழியாக நடக்கும். அவர் வாரிசுகளின் பிறப்பு, திருமணப் பதிவுகளைக் கேட்டு, உறவை நிலைநாட்டும் ஆவணம் எழுதுவார். வாரிசு தேடித் தரும் வம்சாவளி ஆய்வாளர் கையில் நொத்தேரோ சொத்தில் நேரடி அக்கறை உள்ள வேறொருவரோ கொடுத்த எழுத்துமூல ஆணை இருக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. உரிமையை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்ய வாரிசுக்குப் பத்தாண்டு அவகாசம் உண்டு. சில நாள் கெடு அந்தச் சட்டத்தில் இல்லை. பிரான்சில் இறந்தவரின் இறப்புப் பதிவு நகலை இறந்த ஊரின் நகராட்சியிடம் எவரும் இலவசமாகக் கேட்டுப் பெறலாம். நொத்தேரின் பெயரை அவர்களுடைய பொதுப் பட்டியலில் தேடலாம். ஆனால் உண்மையான நொத்தேரின் பெயரைத் திருடியும் எழுதுகிறார்கள் என்பதால், கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அழைக்காமல் பட்டியலில் உள்ள முகவரிக்கே எழுத வேண்டும். இந்த இரண்டையும் செய்தாலே பெரும்பாலான போலிகள் உதிர்ந்துவிடும்.

மோசடியின் கடைசிக் கண்ணி பெரும்பாலும் இந்தியாவுக்குள்ளேயே இருக்கிறது. வெளிநாட்டுப் பரிசு, பெருந்தொகை என்று ஆசை காட்டுபவர்கள் கட்டணத்தை இங்குள்ள தனிநபர் வங்கிக் கணக்குகளில் போடச் சொல்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே எச்சரித்தது. தன் பெயரில் வரும் 'பணம் விடுவிப்பு' கடிதங்கள் போலி என்றும், தனிநபர் கணக்கு எதையும் தான் வைத்திருப்பதில்லை என்றும் பலமுறை அறிவித்திருக்கிறது.

சட்டம் இதில் ஒருபோதும் மௌனமாக இருந்ததில்லை. 1819-இல் பிரெஞ்சு இந்தியக் குடியேற்றங்களில் நடைமுறைக்கு வந்த பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தின் 405-ஆம் பிரிவு, பொய்ப் பெயராலோ இல்லாத பதவியாலோ கற்பனை நிகழ்வொன்றில் நம்பிக்கையூட்டிப் பணம் பறிப்பதைக் குற்றமாக்கியது. இணைப்புக்குப் பின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவு அந்த இடத்துக்கு வந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) அதே குற்றத்துக்கு ஏழாண்டு வரை சிறை விதிக்கிறது.

காரைக்கால் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்: தாத்தா பாட்டியின் பிறப்பு, திருமணப் பதிவுகளைப் பத்திரப்படுத்துங்கள், உண்மையான உரிமை வந்தால் அவைதான் பேசும். சந்தேகமான கடிதம் வந்தால் பதில் எழுத வேண்டாம், ஆதார் நகலோ வங்கி விவரமோ அனுப்ப வேண்டாம். முத்திரை உள்ள உறை விசாரணைக்குத் தேவைப்படும் என்பதால் அதையும் சேர்த்துக் காவல் நிலையத்தில் கொடுங்கள். வங்கி வழியாகப் பணம் போய்விட்டிருந்தால் அன்றே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.