காட்டின் கதை (ஊடாட்ட மின்னிலக்கக் கலை)

சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தின் கண்ணாடி வட்டமாடத்துக்காக ஜப்பானின் டீம்லேப் குழு உருவாக்கிய மின்னிலக்கக் கலைப்படைப்பு. 2016 டிசம்பரில் திறக்கப்பட்டது.

மூலம், வில்லியம் ஃபார்குவார் தொகுப்பு. 1803 முதல் 1818 வரை மலாக்காவை நிர்வகித்த ஃபார்குவார், மலாய்த் தீபகற்பத்தின் விலங்குகளையும் செடிகொடிகளையும் சீன ஓவியர்களைக் கொண்டு நீர்வண்ணத்தில் வரைவித்தார். 477 ஓவியங்கள் எஞ்சியுள்ளன; வரைந்தவர்களின் பெயர்கள் பதிவாகவில்லை. அவற்றில் 69 ஓவியங்களுக்கு டீம்லேப் அசைவு தந்தது. மேலிருந்து பூக்கள் உதிர, பார்வையாளர்கள் சுழன்றிறங்கும் பாதையில் நடந்தனர். சுவரில் உலவிய தாப்பிர், சருகுமான் முதலியவற்றை நோக்கிக் கைப்பேசியைப் பிடித்தால், செயலி அந்த உயிரைச் 'சிறைபிடித்து' அதன் விவரத்தைக் காட்டியது. இயற்கையைச் சேகரித்துப் பட்டியலிடும் காலனிய வழக்கத்தைப் பார்வையாளரும் தம்மையறியாமல் தொடர்ந்தனர் என்பதே படைப்பின் கூர்மையான பகுதி.

ஆனால், இக்காட்டில் கோடரி இல்லை. ஓவியங்கள் வரையப்பட்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் அதே தீபகற்பத்தின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தென்கெடாவில் காடழித்துப் பால்மரம் நட்ட, பால் வெட்டிய கைகளில் பல தமிழர் கைகள். பின்னாளில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. மனிதருக்கும் காட்டுக்கும் இடையில் உழைப்பு இருந்ததைப் படைப்பு தொடவில்லை, அது பெருங்குறை.

இப்படிக் காடழிந்த பின் கெடாவில் எஞ்சிய பெருங்காடு, யானைகள் வாழும் உலு மூடா. கெடா, பினாங்கு, பெர்லிஸ் மாநிலங்களின் குடிநீருக்கும் வயல்நீருக்கும் அதுவே முதன்மை நீர்ப்பிடிப்புப் பகுதி.