காசிமேட்டுக்கு ஏலம் வந்த வழி

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வியாபாரம் விடிவதற்கு முன்பே சூடு பிடித்துவிடும். விசைப்படகிலிருந்து இறங்கிய மீன் வகை பிரிக்கப்பட்டு, வஞ்சிரம் ஒரு பக்கம், சங்கரா ஒரு பக்கம், கடம்பா ஒரு பக்கம் என்று கூறு கட்டப்படுகிறது. ஏலம் விடுபவர் ஒரு தொகையைச் சொல்லித் தொடங்குவார். சுற்றி நிற்பவர்கள் ஏற்றுவார்கள். ஏற்றம் நின்ற இடத்தில் ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’. மீன் கைமாறிவிடும். வெயில் ஏற ஏற விலை இறங்கும் சரக்கு இது. உட்கார்ந்து பேரம் பேச நேரமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து படகுகள் திரும்பும் நாட்களில் இந்தக் கூவல் இன்னும் உரக்கக் கேட்கும்.

அந்தக் கூவலுக்குப் பெயரான ‘ஏலம்’ தமிழ்ச் சொல்லா? தமிழில் இன்னொரு ஏலம் உண்டு. பாயசத்தில் போடும் ஏலம், ‘ஏலாதி’ என்ற நீதிநூலின் பெயரில் இருக்கும் ஏலம். அது மிகப் பழையது. போடிநாயக்கனூரில் ஏலத்தையே ஏலம் விடுகிறார்கள். அங்கே இரண்டு சொற்களும் ஒரே கூடத்தில் சந்திக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் உறவில்லை. ‘ஏல்’ என்றால் ஏற்றுக்கொள்வது, கேட்ட விலையை ஏற்பதால் ஏலம் என்று சொல்லவும் வாய்ப்பிருக்கிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அக்கம்பக்கத்து மொழிகளைப் பார்த்தால் அது நிற்காது.

மலையாளத்தில் இது லேலம். மராத்தியில் லிலாவ். இந்தியில் நீலாம். தெலுங்கில் வேலம். கடல் தாண்டினால் மலாயிலும் இந்தோனேசியாவிலும் லெலாங். ஒரு தமிழ் வேர் இத்தனை இடங்களுக்கும் போய், அவற்றில் பல இடங்களில் தலையில் ஒரு லகரத்தைச் சூடிக்கொண்டது என்பதை நம்புவது கடினம். வெளியிலிருந்து லகரத்தோடு வந்த சொல் தமிழில் அதை இழந்தது என்பதே இயல்பு. தமிழில் சொல்லின் முதலில் லகரம் வராது. லோகம் உலகமானதும் லங்கா இலங்கையானதும் முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துக்கொண்டு. இங்கே தமிழ் வேறு வழியில் போனது. லகரத்தையே உதிர்த்துவிட்டது. மூலச் சொல் போர்த்துகீசியத்தின் ‘லெய்லாவ்ன்’. பழைய எழுத்தில் ‘லெய்லாம்’. கடைசி மூக்கொலி தமிழின் ‘அம்’ ஈற்றில் கச்சிதமாகப் பொருந்திவிட்டதால், இது வந்த சொல் என்ற அடையாளமே இல்லாமல் போயிற்று.

போர்த்துகீசியருக்கும் இது கடன்தான். அரபியில் ‘அல்-இஃலாம்’ என்றால் அறிவிப்பு, தெரியப்படுத்துதல். ஐபீரியத் தீபகற்பத்தில் அரபு ஆட்சி நடந்த நூற்றாண்டுகளில் சந்தைச் சொற்கள் பல அரபியிலிருந்து அந்த மொழிக்குள் இறங்கின. போர்த்துகலின் தென்கோடி மாநிலமான அல்கார்வின் பெயரே அரபியில் ‘மேற்கு’ என்பதுதான். 1249 வரை அங்கே முஸ்லிம் ஆட்சி இருந்தது.

சொல்லோடு கடலேறியவர்களைத் தேடினாலும் அல்கார்வுக்கே வருவோம். அங்கே லாகோஸ் என்று ஒரு துறைமுகம். அங்கிருந்து புறப்பட்டவர் ஜில் எயானெஸ். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் பொஜதோர் முனைக்கு அப்பால் போன கப்பல் திரும்பாது என்ற அச்சம் மாலுமிகளிடம் ஊறியிருந்த காலம். போர்த்துகல் இளவரசர் ஹென்றி அனுப்பி, முதல் முறை பாதியில் திரும்பி வந்தவர், 1434இல் அந்த முனையைத் தாண்டினார். அட்லாண்டிக்கின் தெற்கு வழி திறந்தது. பள்ளிப் பாடம் இதை வீரக் கதையாகச் சொல்லி, அங்கிருந்து நேராக வாஸ்கோ ட காமாவுக்குப் போய்விடும். நடுவில் இருப்பதைத்தான் நாம் படிக்க வேண்டும். பத்தே ஆண்டுகளில், 1444 ஆகஸ்டில், அதே லாகோஸ் கரையில் 235 ஆப்பிரிக்கர்கள் சிறைபிடித்து இறக்கப்பட்டார்கள். அந்தப் பயணத்தில் ஜில் எயானெஸும் இருந்தார். ஊருக்கு வெளியே ஒரு வெளியில் அவர்களை ஐந்து பங்காகப் பிரித்தார்கள். தாயையும் பிள்ளையையும் வேறு வேறு பங்கில் போட்டபோது எழுந்த அழுகையை அரசவை வரலாற்றாசிரியர் சுராராவே எழுதிவைத்திருக்கிறார். இளவரசரின் பங்கு 46 பேர். குதிரைமீது அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நடந்தது பங்கீடு. அதைத் தொடர்ந்த நூற்றாண்டுகளில் மனிதரை விற்பது அட்லாண்டிக் துறைமுகங்களின் அன்றாட வேலையாயிற்று. கினி வளைகுடாவில் சாவோ தோமே என்ற தீவு அந்த வணிகத்தின் பெரிய நிலையமாக வளர்ந்தது. அதே புனித தோமையாரின் பெயரைத்தான் போர்த்துகீசியர் மயிலாப்பூர்க் கடற்கரைக்கும் வைத்தார்கள். நம் வாயில் அது சாந்தோம்.

சொல் இந்தியாவுக்கு வந்தபோது எப்படி இருந்தது என்பதற்கு நல்ல சாட்சி, 1583 முதல் கோவாவில் பேராயராக இருந்தவரிடம் செயலராகப் பணிபுரிந்த டச்சுக்காரர் லின்ஸ்ஹோட்டன். கோவாவின் நேர்த்தெருவில் ஞாயிறும் திருநாளும் தவிர ஒவ்வொரு காலையும் லெய்லாம் கூடும் என்றும், குதிரை, துணி, வாசனைப் பொருளோடு அடிமைகளும் அங்கே விற்கப்பட்டார்கள் என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

சோழமண்டலக் கரையில் போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தங்கிவிட்டார்கள். வடக்கே பழவேற்காடு, தெற்கே சாந்தோம். இன்றைய எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்த மணல் கரை. 1640 வாக்கில் ஆங்கிலேயர் கோட்டை எழுந்த பின்னும் சந்தையில் பேச உதவியது போர்த்துகீசியம்தான். கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பும் பாதிரிகள் வந்த ஓராண்டுக்குள் போர்த்துகீசியம் கற்க வேண்டும் என்று 1698ஆம் ஆண்டுச் சாசனம் விதி போட்டது. ஏலத்தோடு சாவியும் சன்னலும் அலமாரியும் பீப்பாயும் நம் வீட்டுக்குள் வந்த வழி இதுதான். விற்பனைச் சரக்கில் மனிதர் இங்கும் இருந்தார்கள். பஞ்சத்தில் விற்கப்பட்டவர்களைக் கப்பலேற்றுவதற்குச் சென்னைக் கோட்டை 1687இல் தலைக்கு வரி வாங்கியது. மறு ஆண்டு ஏற்றுமதியைத் தடை செய்தது.

சொல் வெளியிலிருந்து வந்தது என்பதால் வழக்கமும் அப்படியே வந்தது என்று கொள்ளக்கூடாது. சோழர் கல்வெட்டுகளில் ‘பெருவிலை’ இருக்கிறது. நிலத்தை ஊரறிய விலை கூறி விற்பது அது. ராசராசப் பெருவிலை, கோயில் நிலமானால் சண்டேசுவரப் பெருவிலை என்று அதற்குப் பெயர்கள் இருந்தன. எவ்வளவு நல்ல சொல்! அது கல்லோடு தங்கிவிட்டது. கரையில் பிழைத்தது வந்த சொல்.

பிழைத்ததோடு நிற்காமல் பேச்சு வழக்கிலும் அது இறங்கியது. ‘என் பேரை ஏன் ஏலம் போடுறே?’ என்று வீட்டில் அம்மா கேட்பதில் விற்பனை எங்கே இருக்கிறது? உரக்கக் கூவி எல்லாருக்கும் தெரியப்படுத்துவது மட்டுமே இருக்கிறது. அரபி மூலம் எதைச் சொன்னதோ அது. ‘மானத்தை ஏலம் போட்டுட்டான்’ என்பதிலும் ஊரறியச் செய்த குற்றம்தான் பேசப்படுகிறது. எந்தப் பண்டிதரும் சொல்லிக்கொடுக்காமல் மக்கள் வாய் அந்தப் பழைய பொருளை மீட்டெடுத்திருக்கிறது.

என் பார்வையில் ஏலத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது: விலை எல்லார் காதிலும் விழ வேண்டும். கடலுக்குப் போனவருக்கு அதுவே காவல். தமிழகக் கடற்கரை எங்கும் பழகிப்போன ஓர் ஏற்பாடு இந்தக் காவலைத் தளர்த்துகிறது. படகுக்கும் வலைக்கும் டீசலுக்கும் முன்பணம் வாங்கியவர், பணம் கொடுத்தவர் வழியாகத்தான் மீனை விற்க வேண்டும். கழிவு போக மிச்சம்தான் அவருக்கு. கூவல் நடந்தாலும் விலையில் பாதியை முன்பணமே முடிவு செய்துவிடுகிறது.

கூவலே இல்லாத ஏலமும் வடசென்னைக்கு வந்துவிட்டது. 2015இல் சுங்கத் துறை பறிமுதல் செய்த அமோனியம் நைட்ரேட், சுமார் 700 டன், மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் அதே பொருளால் வெடித்துச் சிதறிய பிறகுதான் மணலியில் இப்படி ஒரு சரக்கு இருப்பது ஊருக்குத் தெரிந்தது. மின்னேலத்தில் விற்று, கொள்கலன்களில் ஏற்றி ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு, அது அங்கே இருக்கிறது என்ற அறிவிப்பு, விற்பனைக்கு ஐந்தாண்டு முன்பே வந்திருக்க வேண்டும்.